கூட வருபவர் பெயர்

எங்கள் கல்லூரி அலுவலகத்தில் கணினி சம்பந்தப்பட்ட எந்த வேலையானாலும் கடைசியில் என் மேஜைக்குத்தான் வந்து சேரும். அடையாள அட்டை அச்சடிப்பது, மதிப்பெண் பட்டியல் ஏற்றுவது, மழைக்காலத்தில் மக்கர் பண்ணும் பிரிண்டரைத் திட்டித் திட்டி ஓட வைப்பது எல்லாம் நான்தான். அதனால் முதல்வர் ஒருநாள் கூப்பிட்டு, "வெளியூர்ப் பிள்ளைங்களுக்கு ஒரு ஆப் பண்ணணும்மா," என்று சொன்னபோது எனக்கு ஆச்சரியமாக இல்லை. காரணத்தைச் சொன்னபோதுதான் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

முந்தைய வருடம் வெளியூரிலிருந்து வந்து சேர்ந்தவர்களில் சிலர் ஆயுத பூஜை விடுமுறைக்கு வீட்டுக்குப் போனவர்கள் போனவர்கள்தான். மாற்றுச் சான்றிதழ் வாங்க அவர்களுடைய அப்பாக்கள்தான் வந்தார்கள். "தாம்பரம் என்ன சந்திர மண்டலமா? சனி, ஞாயிறுல நாலு இடம் சுத்திப் பாத்தா மனசு ஒட்டிக்கும். எங்க போறது, எப்படிப் போறதுன்னு சொல்ற மாதிரி ஒண்ணு செய்ங்க. இந்த வருஷம் ஒருத்தரும் பாதியில போகக் கூடாது," என்றார் முதல்வர். தலையாட்டிவிட்டு வந்தேன். ஒருத்தரும் போகக் கூடாது என்ற அந்தக் கடைசி வாக்கியம் மட்டும் எனக்குள் பச்சக்கென்று ஒட்டிக்கொண்டது.

இந்த வேலைக்கு என்னைவிட்டால் ஆளில்லை என்று நினைத்துக்கொண்டேன். நான் பிறந்தது குரோம்பேட்டை, வாழ்க்கைப்பட்டது சிட்லபாக்கம். ஏரியைச் சுற்றி நடக்க எந்தப் பக்கம் நிழல், பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் எத்தனை மணிக்குக் கூட்டம் குறையும், வண்டலூருக்கு எந்தப் பேருந்தில் உட்கார இடம் கிடைக்கும் என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி. இரண்டு மாதம் ஓடி ஓடி எழுதினேன். சனிக்கிழமைகளில் என் கணவரை ஸ்கூட்டரோடு இழுத்துக்கொண்டு போய் ஒவ்வொரு இடத்துக்கும் ஆகும் நேரத்தைக் குறித்தேன். மனிதர் படப்பைச் சாலை வெயிலில் ஒருமுறை மட்டும், "ஊர் சுத்தப் போறது ஹாஸ்டல் பொண்ணுங்களா, நானா?" என்று கேட்டார்.

திட்டம் எளிமையானது. விடுதி மாணவி ஒரு நாளைத் தேர்ந்தெடுக்க வேண்டும், ஓர் இடத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பேருந்து எங்கே கிடைக்கும், என்ன பார்க்கலாம், எத்தனை மணிக்குக் கிளம்பினால் ஆறு மணிக்குள் விடுதிக்குத் திரும்பலாம் என்பதையெல்லாம் ஆப் சொல்லிவிடும். பிறகு 'கூட வருபவர் பெயர்' என்று ஒரு கட்டம். குறைந்தது இரண்டு பேரையாவது நிரப்ப வேண்டும். நிரப்பினால் அனுமதி கேட்டு வார்டன் போனுக்குச் செய்தி போகும், அவர் ஒரு தட்டு தட்டினால் வெளியே போகச் சீட்டு வந்துவிடும். திரும்பி வந்து விடுதி வாசலில் அதைக் காட்டினால் வந்த நேரமும் ஆப்பில் பதிவாகும். கட்டத்தை நிரப்பாவிட்டால் அடுத்த பக்கம் திறக்காது. அதற்கு நானே ஒரு பெயர் வைத்தேன்: சேர்ந்து போலாம்.

அந்தக் கட்டத்தைப் பற்றி நான் ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை. எனக்கு நாற்பத்தாறு வயது. இன்பமாய்ப் பொழுது போக்க என்று எந்த இடத்துக்கும் அதுவரை நான் தனியாகப் போனதில்லை. துணிக்கடைக்குத் தங்கை, கடற்கரைக்குக் குடும்பம், கல்யாணங்களுக்குச் சர்ச் சபைப் பெண்கள் என்று எப்போதும் ஒரு படை இருக்கும். தனியாகச் சினிமாவுக்குப் போகிற ஒரு சித்தப்பாவைப் பற்றி எங்கள் வீட்டில் ஏதோ வியாதி வந்தவரைப் பற்றிப் பேசுவது போலக் குரலைத் தாழ்த்தித்தான் பேசுவார்கள். வெளியே கிளம்புகிறேன் என்று யார் சொன்னாலும் 'எங்கே' என்பதற்கு முன்பே 'யார்கூட' என்று கேட்டு வளர்ந்தவள், எழுதிய ஆப்பிலும் அதையே கேட்டுவைத்தேன்.

ஆப்பை முதலில் தரவிறக்கிய மாணவிகளில் ஒருத்தி அந்தமானிலிருந்து வந்தவள். அங்கே குடியேறிய தமிழ்க் குடும்பம், அப்பாவுக்குத் துறைமுகத்தில் வேலை. ஒல்லியாக, எப்போதும் நீளக்கை சட்டை போட்டுக்கொண்டு, கேட்டதற்கு மட்டும் பதில் சொல்கிற பெண். முதல் வாரமே கோவளம் கடற்கரைக்குத் திட்டம் போட்டாள். அறைத் தோழிகள் இருவரின் பெயரைக் கொடுத்திருந்தாள். அந்த இருவரும் மற்றவர்களுக்குச் சொல்ல, கடைசியில் அவளோடு எட்டுப் பேர் சிப்ஸ் பாக்கெட்டும் ஸ்பீக்கருமாகப் போய்வந்தார்கள். வார்டன் அக்கா எனக்குப் படம் அனுப்பினார். எட்டுப் பேரும் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்க, இவள் மட்டும் ஓரமாகக் கடலைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள். கூச்ச சுபாவம், போகப் போகச் சரியாகிவிடும் என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்தடுத்த வாரங்களில் அவளுடைய கணக்கில் ஒரு விநோதத்தைப் பார்த்தேன். ஒவ்வொரு சனிக்கிழமையும் அதே கோவளம். கூட வருபவர் கட்டத்தில் ஏதேதோ பெயர்கள். விடுதிப் பதிவேட்டில் அப்படி யாருமே இல்லாததால் ஆப் சிவப்பு எழுத்தில் மறுத்திருந்தது. மூன்று வாரம், ஆறு பெயர், ஒன்றுகூட உண்மை இல்லை. சிநேகிதி என்று சொல்லிக்கொள்ள ஆளில்லாமல் இந்தப் பெண் இல்லாத பேர்களை எழுதிக்கொண்டிருக்கிறாளே என்று அன்று மத்தியானம் எனக்குச் சாப்பாடே இறங்கவில்லை.

உடனே செயலில் இறங்கினேன். செயலில் இறங்குவதில் எனக்கு எப்போதும் அவசரம்தான். 'துணை தேடு' என்று ஒரு புதிய வசதியைச் சேர்த்தேன். பெயர் கிடைக்காமல் ஒருத்தி தடுமாறினால், ஆப் தானாகவே மற்ற எல்லாருக்கும் 'இவருக்குத் துணை தேவை' என்று செய்தி அனுப்பும். வெள்ளிக்கிழமை மத்தியானம் அதை ஏற்றிவிட்டு, பெரிய புண்ணியம் செய்த திருப்தியோடு வீட்டுக்குப் போனேன். அன்று சாயங்காலம் அவள் வழக்கம்போலக் கோவளத்தைத் தட்டியிருக்கிறாள். விடுதி முழுக்கச் செய்தி போயிற்று. எங்கள் பிள்ளைகள் நல்ல பிள்ளைகள். ஒருத்தி விடாமல் அவள் அறைக் கதவைத் தட்டி, "நீ ஏன் எங்ககிட்ட சொல்லல?" என்று கேட்டிருக்கிறார்கள். பக்கத்து அறைப் பெண் தன் படுக்கையையே தூக்கிக்கொண்டு வந்து இவள் அறையில் போட்டுக்கொண்டாளாம்.

திங்கட்கிழமை காலையில் அவள் என் மேஜை முன்னால் நின்றாள். கையில் மாற்றுச் சான்றிதழ் கேட்டு எழுதிய விண்ணப்பம். அது முதல்வர் கையெழுத்துக்குப் போவதற்கு முன் என் கணினியில் பதிவாக வேண்டும்.

"என்னம்மா இது? யாராவது ஏதாவது சொன்னாங்களா?"

"இல்ல மேம். எல்லாரும் ரொம்ப நல்லவங்க." அதைச் சொல்லும்போது அவள் முகத்தில் இருந்த களைப்பை நான் பார்த்தேன், பார்த்தும் எனக்குப் புரியவில்லை. "அப்பாகிட்ட பேசிட்டேன். அடுத்த மாசக் கப்பல்ல டிக்கெட் பாக்கறேன்னு சொல்லியிருக்கார்."

முதல்வர் சொன்னது ஒரு பக்கம் இருக்கட்டும். நன்றாகப் படிக்கிற பெண், ஆசைப்பட்டுத் தாவரவியல் எடுத்து, கடல் தாண்டி வந்தவள். இங்கே விட்டுப் போனால் அவளுக்கு அந்த வருடப் படிப்பு போனது போனதுதான். விண்ணப்பத்தை வாங்கிக்கொண்டு, முதல்வர் ஊரில் இல்லை என்று கூசாமல் பொய் சொன்னேன். அவர் அடுத்த அறையில் இருமிக்கொண்டிருந்தார். இந்த மாதக் கடைசிவரை பொறுத்துப் பார் என்று கெஞ்சினேன். யோசித்துவிட்டு, "மாசக் கடைசி வரைக்கும், மேம்," என்று சொல்லிவிட்டுப் போனாள்.

என் கையில் மூன்று வாரம் இருந்தது. நான் செய்த முதல் காரியம் அவளை ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்கு அழைத்தது. ஆராதனை முடிந்து எங்கள் வீட்டில் எப்போதும் பத்துப் பேருக்குக் குறையாமல் சாப்பிடுவார்கள். கொழுந்தன் குடும்பம், நாத்தனார் குடும்பம், சபையில் அன்று கண்ணில் பட்ட யாராவது. அன்று எல்லாரிடமும் முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தேன், பாவம் தூரத்திலிருந்து வந்த பிள்ளை, அன்பாகப் பேசுங்கள் என்று. அன்பாகத்தான் பேசினார்கள். கப்பலில் வாந்தி வருமா, அங்கே இட்லி கிடைக்குமா, சுனாமி வந்தபோது நீ பிறந்திருந்தாயா, ஏன் இவ்வளவு இளைத்திருக்கிறாய். அவள் தட்டில் ஒரு பக்கம் நான் கறியை வைக்க, இன்னொரு பக்கம் நாத்தனார் வைத்துக்கொண்டிருந்தாள்.

பாதிச் சாப்பாட்டில் கை கழுவ எழுந்து போனவள் வரவில்லை. கால் மணி நேரம் பார்த்தேன். குளியலறைக் கதவு சாத்தியிருந்தது. உள்ளே தண்ணீர்ச் சத்தம் இல்லை. மெதுவாகத் தட்டினேன்.

"என்னம்மா, வயிறு ஏதும் சரியில்லையா?"

"இல்ல மேம். சும்மா உக்காந்திருக்கேன்."

"பாத்ரூம்லயா? எதுக்கும்மா?"

கதவுக்குப் பின்னாலிருந்து நிதானமாகச் சொன்னாள். "இங்கதான் மேம் யாரும் இல்ல. ரூம்ல ஆறு பேரு. மெஸ்ஸுல, கிளாஸ்ல, பஸ்ல, எங்கயும் ஆள். தனியா உக்காந்தா ஏன் அழுவுறன்னு கேக்கறாங்க. நான் அழுவல மேம். எனக்கு வாரத்துல ஒரு நாளாவது ஒருத்தரும் இல்லாம இருக்கணும். அவ்வளவுதான்."

நான் கதவில் கை வைத்தபடி நின்றேன். கூடத்திலிருந்து, "பிள்ளைக்கு மோர் வேணுமா கேளு," என்று நாத்தனார் குரல் கொடுத்தாள். வெட்கமாக இருந்தது. அந்த ஆறு பெயர்களையும் பார்த்து நான் அவளுக்குத் துணை இல்லை என்று உருகினேன். அவளோ என் கட்டத்தை ஏமாற்றித் தாண்டிப்போக வழி பார்த்திருக்கிறாள். வீட்டை விட்டு வந்தவளுக்கு ஆள் சேர்த்துவிட்டால் சரியாகும் என்று நினைத்து, இருந்த கொஞ்சநஞ்ச மூச்சையும் நானே அடைத்திருக்கிறேன். "நீ வேணும்ங்கற வரைக்கும் இரும்மா, நான் பாத்துக்கறேன்," என்று சொல்லிவிட்டு, கூடத்துக்குப் போய் அவளுக்கு வயிறு சரியில்லை என்று எல்லாரையும் அமர்த்தினேன். வாழ்க்கையில் நான் சொன்ன பொய்களில் அதற்காக மட்டும் வருத்தப்பட்டதில்லை.

அன்றே கட்டத்தின் கீழே 'நான் மட்டும்' என்று ஒரு வரியைச் சேர்த்தேன். ஆப்பில் அதைச் செய்யப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. வார்டன் அக்காவைச் சம்மதிக்க வைக்க ஒன்பது நாள் ஆயிற்று.

அவரைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் வராது. ஒரு பெண் பத்து நிமிடம் தாமதமாக வந்தாலும் தன் இரண்டு கைகளையும் பிசைந்துகொண்டு வாசலில் நிற்பவர். "நீ கம்ப்யூட்டர்ல ஒரு லைன் போட்டுட்டுப் போயிடுவே. நாளைக்கு ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா அவங்க அப்பா யாரைக் கேப்பார்? உன்னையா, என்னையா?" என்றார். நியாயமான கேள்வி. அவர் முன்னாலேயே போனை ஸ்பீக்கரில் போட்டு அந்தமானுக்குப் பேசினேன். லைன் விட்டு விட்டு வந்தது. அப்பாவுக்கு முதலில் பிரச்சினை என்னவென்றே விளங்கவில்லை.

"அவ சின்னதுலருந்தே ஸ்கூல் விட்டுக் கடலோரமாத் தனியாத்தான் மேடம் வருவா. ஒரு மணி நேரம் லேட்டாகும். கேட்டா, சும்மா உக்காந்திருந்தேன்னு சொல்லுவா. ஏன் மேடம், அங்க உக்கார இடம் இல்லையா?"

அடுத்த நாள் வார்டன் அக்கா, அவள் போனை எப்போதும் எடுக்கும்படி வைத்திருக்க வேண்டும், ஆறு மணிக்கு ஒரு நிமிடம் தாண்டக் கூடாது, பொறுப்பு என்று நான் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும் என்ற நிபந்தனைகளோடு ஒப்புக்கொண்டார். போட்டேன். அந்தச் சனிக்கிழமை காலை பத்தரைக்கு, எங்கள் ஆப்பில் முதன்முறையாக ஒரே ஒரு ஆளுக்கு வெளியே போகச் சீட்டு வந்தது.

பத்தே முக்காலுக்கெல்லாம் எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கையெழுத்துப் போட்டது நான் அல்லவா? பேருந்து எங்கே நிற்கிறதோ, கடலில் இறங்குவாளோ, எவனாவது பின்னால் போவானோ. இதையெல்லாம்விட மோசமான ஒன்றையும் நினைத்தேன், அதை எழுத விருப்பமில்லை. பதினொன்றரைக்கு என் கணவரின் கறுப்புக் குடையை எடுத்துக்கொண்டு, அவரிடம்கூடச் சொல்லாமல், கேளம்பாக்கம் வழியாகப் போகும் பேருந்தில் ஏறிவிட்டேன். எவனாவது பின்னால் போவானோ என்று கவலைப்பட்ட நானே கடைசியில் அவள் பின்னால் போனேன்.

கோவளத்தில் காலை மீன் விற்பனை முடிந்து கரை ஓய்ந்திருந்தது. கரையேற்றிய படகு ஒன்றின் பின்னால் நின்று பார்த்தேன். தள்ளி, ஆளில்லாத பக்கமாக, மணலில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஒன்றுமே செய்யவில்லை. முக்கால் மணி நேரம் நான் பார்த்தேன், முக்கால் மணி நேரமும் ஒன்றும் செய்யவில்லை. அழுகிறாளோ என்று தோளையே கவனித்தேன். தோள் அசையவில்லை. ஒருமுறை கையால் மணலை அள்ளி விட்டாள், ஒரு பாக்கெட்டிலிருந்து கடலையோ என்னவோ எடுத்துத் தின்றாள். அவ்வளவு நாளில் அவள் தோள் இறங்கி, உடம்பு தளர்ந்து இருந்ததை அன்றுதான் பார்த்தேன்.

பக்கத்தில் கருவாடு உலர்த்திக்கொண்டிருந்த ஓர் அம்மா என்னை ரொம்ப நேரமாகக் கவனித்திருக்கிறாள். "இன்னாம்மா, ஒளிஞ்சிகினு நிக்கிற? உம் பொண்ணா அது?"

"இல்லம்மா. எங்க காலேஜ் பொண்ணு."

"கூட எவனா வந்துகீறானா?"

"ஐயோ, இல்ல. தனியாத்தான் வந்திருக்கா."

"தனியா வந்த பொண்ண பாக்க நீ தனியா வந்துகீறியா?" கடல் இரைச்சலுக்கு மேலே பேசிப் பழகிய குரல் அது. "அத்த வுடும்மா. அது பாட்டுக்குக் குந்திகினு கீது. உனுக்கு இன்னா பேஜாரு?"

அந்தக் குரலுக்கு அவள் திரும்பினாள். நான் குடையோடு படகுக்குப் பின்னால் குனிந்தேன். நாற்பத்தாறு வயதில் குனிந்த அழகை நினைத்தால் இன்றைக்கும் காது சுடுகிறது. நிமிர்ந்தபோது அவள் எதிரில் நின்றிருந்தாள். கோபப்பட்டிருந்தால் சமாளித்திருப்பேன்.

"மேம், வேற யாரும் வந்திருக்காங்களா?"

"இல்லம்மா, நான் மட்டும்தான். சும்மா, இந்தப் பக்கம் ஒரு வேலையா..." அசடு வழிந்தது.

அவள் தலையை ஆட்டிக்கொண்டாள். "போன தடவ எட்டு பேரோட வந்தேன். இன்னைக்கு ஒருத்தரோட," என்றாள். குற்றம் சாட்டுகிற குரல் இல்லை. கணக்குச் சொல்வதுபோலச் சாதாரணமாகத்தான் சொன்னாள்.

மன்னித்துக்கொள் என்று சொல்ல வந்து, அதையும் சொன்னால் இன்னும் பத்து நிமிடம் அவள் என்னைச் சமாதானப்படுத்த வேண்டியிருக்கும் என்று தோன்றியது. "நான் போறேம்மா," என்று மட்டும் சொன்னேன்.

"பஸ் ஸ்டாப் வரைக்கும் வரவா மேம்?"

"வேணாம். எனக்கு வழி தெரியும்."

திரும்பிப் பார்க்காமல் நடந்தேன். அதுதான் அன்று நான் செய்த ஒரே கஷ்டமான வேலை. பேருந்தில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து, போனை எடுத்து எடுத்துக் கைப்பைக்குள்ளேயே போட்டேன். என் அவசரத்தால் எல்லாவற்றையும் கெடுத்துவிட்டேன், அந்த விண்ணப்பம் இனி முதல்வர் மேஜைக்குப் போக வேண்டியதுதான் என்று தாம்பரம் வரை மனதுக்குள் என்னையே திட்டிக்கொண்டு வந்தேன். அவள் ஐந்தே முக்காலுக்கு விடுதிக்குத் திரும்பிவிட்டாள் என்று வார்டன் அக்கா தகவல் சொன்னார். அவரிடம் நான் கோவளம் போன கதையைச் சொல்லவில்லை.

திங்கட்கிழமை அவள் வந்தாள். நான் பேசுவதற்குள் அவளே ஆரம்பித்தாள்.

"அந்த டிசி லெட்டர் இப்ப அனுப்ப வேணாம் மேம். செமஸ்டர் முடியட்டும், பாக்கலாம்."

"சரிம்மா," என்றேன். செமஸ்டர் முடிந்தது. அவளும் கேட்கவில்லை, நானும் நினைவுபடுத்தவில்லை. அவள் இப்போது மூன்றாம் ஆண்டு படிக்கிறாள்.

ஆனால் அன்று அவள் போகாமல் நின்றாள். "இந்த சனிக்கிழமையும் போறேன் மேம்," என்றாள். பிறகு என் முகத்தை நேராகப் பார்த்து, "நீங்க வராதீங்க," என்றாள்.

நான் போகவில்லை. சனிக்கிழமை காலையில் அவளுக்குச் சீட்டு வந்ததைப் பார்த்துவிட்டு போனை அலமாரிக்குள் வைத்துப் பூட்டினேன். துவைத்த துணியையே மறுபடி துவைத்தேன். தட்டை வைத்துக்கொண்டு என் கணவர் இரண்டு முறை கூப்பிட்டார். பசிக்கவில்லை என்று சொல்லிவிட்டு, ஏரிப்பக்கம் திறந்திருந்த ஜன்னலருகே உட்கார்ந்திருந்தேன். ஆறு அடிக்க இருக்கும்போது அலமாரியைத் திறந்து போனில் ஆப்பைப் பார்த்தேன். அவள் விடுதிக்குள் நுழைந்து பன்னிரண்டு நிமிடம் ஆகியிருந்தது. அதற்குப் பிறகுதான் மத்தியானச் சாப்பாட்டைச் சாப்பிட்டேன்.